நாகசாகித் தீவுகளில் காக்கப்படும் விசுவாசச் சுவடுகள்

1949-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் காலையில், ஜப்பான் நாட்டின் நாரா நகரையடுத்த ஹோரியூஜி என்னும் பௌத்த மடாலயத்தில் தீப்பற்றிக்கொண்டது. உலகில் இன்று நிலைத்து நிற்கும் மரக் கட்டிடங்களுள் மிகப் பழமையானவை அம்மடாலயத்தில்தான் உள்ளன. அதன் பொன்மண்டபச் சுவர்களில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தீட்டப்பெற்றிருந்த ஓவியங்கள் அந்த ஒரு காலைப்பொழுதில் கருகிப்போயின. அவ்வோவியங்கள் அழிந்துபடாதிருக்க வேண்டுமென்று அவற்றைப் படியெடுத்துக்கொண்டிருந்த வேளையிலேயே இத்தீங்கு நேர்ந்தது என்பதுதான் கொடுமை.

அது போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, அடுத்த வேளை உணவுக்கே வழி தேடிக்கொண்டிருந்த நாடு. எனினும் மறு ஆண்டே, 1950 மே மாதத்தில், பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் ஒன்றினை அந்நாடு இயற்றிக்கொண்டது. கோவில், கோட்டை, சிலை, ஓவியம் ஆகியவை மட்டுமல்ல, பழைய கைத்தொழில்களும், நாடகமும் இசையும், அழகிய மலைகளும், அரிய மரஞ்செடி விலங்குகளும் அச்சட்டத்தின் காவலுக்குள் வந்தன. பின்னர் 1975-இல் பழைய வீதிகளும், 2004-இல் படிக்கட்டு வயல்களும் மீனவர் ஊர்களும் போன்ற நிலக்காட்சிகளும் சேர்க்கப்பட்டன. ஒரு கலையின் நுட்பத்தைக் கைவரப்பெற்ற மனிதரையே நாட்டின் உயிருள்ள செல்வம் என்று போற்றும் வழக்கமும் அங்கு உண்டு. 1955 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 26-ஆம் நாளைத் தீத்தடுப்பு நாளாகக் கொண்டாடி, கோவில்களில் நீர் பீய்ச்சிப் பயிற்சி செய்கிறார்கள்.

காப்பது என்றால் என்ன என்பதில் அம்மக்களுக்குத் தனியானதோர் எண்ணம் உண்டு. ஈசே என்னுமிடத்திலுள்ள ஷிந்தோ மதத்தின் தலைமைக் கோவிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாய்க் கட்டிப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013-இல் 62-ஆம் முறையாக இது நடந்தது. மரம் புதிது, அளவும் முறையும் பழையன. தந்தை செய்ததை மகன் பார்த்துப் பழகி, தன் மகனுக்கு விட்டுச் செல்வதால் கோவில் அழியாமலிருக்கிறது. நம் நாட்டவராகிய நமக்கு இது சற்று வியப்பாகத் தோன்றலாம். கல்லிலே கட்டி, கல்வெட்டும் பொறித்து, ‘இது இத்தனை நூற்றாண்டுப் பழமை’ என்று சொல்லி மகிழ்பவர்கள் நாம். ஆயினும், கையிலிருந்து கைக்கும் வாயிலிருந்து செவிக்கும் செல்வது ஒன்று உண்டு, அதனையும் காக்க வேண்டும் என்ற இவ்வெண்ணத்தை மனதிற்கொண்டால்தான், நாகசாகிப் பகுதியின் கிறிஸ்தவ ஊர்கள் ஏன் உலகச் செல்வமாக மதிக்கப்பட்டன என்பது விளங்கும். இக்கட்டுரை அவ்வூர்களைப் பற்றியது.

2018-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் பஹ்ரைன் நாட்டில் கூடிய யுனெஸ்கோவின் குழு, ‘நாகசாகிப் பகுதியில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் இடங்கள்’ என்ற பெயரில் பன்னிரண்டு இடங்களை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 முடிய அப்பட்டியலில் இடம்பெற்ற ஜப்பானியச் சின்னங்கள் 26. அவற்றுள் ஆதிக் காடுகளும், பனி சூழ்ந்த கடற்கரைகளும், பௌத்த விகாரங்களும், மன்னர் சமாதிகளும் உள்ளன. இந்தப் பன்னிரண்டில் ஒன்று பாழடைந்த கோட்டை; ஒன்று பேராலயம்; மற்றப் பத்தும் உழவரும் மீனவரும் வாழ்ந்த சிற்றூர்கள். பொன்னும் மணியும் ஒன்றிலும் இல்லை.

அவ்வூர்களின் கதை 1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொடங்குகிறது. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளாகிய அன்றுதான் புனித பிரான்சிஸ் சவேரியார் ஜப்பானின் தென்முனையிலுள்ள ககோஷிமாவில் கரையிறங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் முத்துக்குளித்துறைக் கரையிலே மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்து நடந்த அதே சவேரியார்தான். மக்களின் சொந்த மொழியில் செபம், ஊருக்கு ஓர் உபதேசியார், பொதுநிலையினரின் சபை என்று இங்கே ஊன்றப்பட்ட முறையே அங்கும் ஊன்றப்பட்டது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் மறையுரை ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பெயரில் அச்சேறிற்று. 1592-இல் அமகுசாத் தீவில் ஜப்பானிய மொழி மறையுரை அச்சேறிற்று. இரண்டும் இயேசு சபையாரின் உழைப்பே.

பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1587-இல் குருக்களை வெளியேறச் சொல்லும் ஆணை பிறந்தது. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகிக் குன்றொன்றில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டின் வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1637-இல் ஷிமபாரா, அமகுசா உழவர்கள் வரிக்கொடுமையும் மதக்கொடுமையும் தாளாது கிளர்ந்தெழுந்து ஹாரா என்னும் பாழ்ங்கோட்டையில் அடைந்துகொண்டனர். மறு ஆண்டு கோட்டை வீழ்ந்தபோது உள்ளிருந்தவர் ஏறத்தாழ அனைவரும் வெட்டுண்டனர். பன்னிரண்டு இடங்களுள் ஒன்றாகிய கோட்டை இதுவே. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் வேதசாட்சியாக மடிந்தார்.

அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஆலயம் இல்லை, மணியோசை இல்லை. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பௌத்த மடத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். இறந்தவரைப் பௌத்த பிக்குவே அடக்கம் செய்ய வேண்டும். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஊரவர் அனைவரையும் வரிசையாக நிறுத்தி, ஆண்டவரின் அல்லது தேவமாதாவின் உருவம் பதித்த தகட்டை மிதிக்கச் செய்வார்கள். மிதிக்கத் தயங்கினால் கிறிஸ்தவன் என்று பிடிபடுவான்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்பீர்கள். மிதியாமல் மடிந்தவர்களைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்களை என்னவென்று சொல்வது? மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் என்று நாம் இன்று போற்றுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரே. அவர்கள் தாங்கள் செய்தது பாவமல்லவென்று சாதிக்கவில்லை. வீட்டிற்கு வந்து கதவை அடைத்துக்கொண்டு உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். குருவானவர் இல்லாதவிடத்து உத்தம மனஸ்தாபமே பாவப் பொறுத்தலுக்கு வழியென்று கற்பிக்கும் சிறு நூலொன்று 1603-இல், தடைக்கு முன்னரே, அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ‘கொன்சிரிசான்’ என்று மனஸ்தாபத்தின் போர்த்துக்கீசியப் பெயரை ஜப்பானிய நாவிற்கு ஏற்பத் திருத்திக்கொண்டு, அந்நூலைக் கையால் எழுதியும் மனப்பாடம் செய்தும் ஏழு தலைமுறை காத்தார்கள். ஆண்டுதோறும் மிதித்து, ஆண்டுதோறும் அழுது, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செபத்தைச் சொல்லிவைத்து இறந்துபோனார்கள். அவர்களைத் தீர்ப்பிட இத்தனை வசதியோடு பங்குக் கோவிலில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் துணிவு வரலாகாது என்பது என் எண்ணம்.

அவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு வியப்பிற்குரியது. உரகாமி, சொதோமே, கோட்டோத் தீவுகள் ஆகிய இடங்களில் ஊருக்கு மூவர் இருந்தனர். ஒருவர் திருநாட்களைக் கணக்கிட்டு நாட்காட்டியைக் காப்பவர். ஒருவர் ஞானஸ்நானத் தண்ணீர் வார்ப்பவர். ஒருவர் ‘இன்ன நாள் கிறிஸ்து பிறப்பு, இன்ன நாள் ஒருசந்தி’ என்று வீடு வீடாகச் சென்று காதில் சொல்பவர். நம் ஊர்களில் கோவிற்பிள்ளையும் உபதேசியாரும் செய்யும் வேலையை உயிரைப் பணயம் வைத்துச் செய்தவர்கள் அவர்கள். பஸ்தியான் என்னும் உபதேசியார் கணித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் 1634-ஆம் ஆண்டின் திருநாட் கணக்கே அவர்களுக்கு வழிகாட்டிற்று. ஏழு தலைமுறை சென்றபின் பெருங்கப்பலில் ஆத்தும குருக்கள் வருவார்கள், அப்போது வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று அவர் முன்னுரைத்ததாகவும் நம்பினார்கள். இறந்தவர் வீட்டில் பிக்கு மந்திரம் ஓதும்போது அடுத்த அறையில் அமர்ந்து அம்மந்திரத்தின் பயன் நீங்கும்படி மெல்லிய குரலில் செபித்துக்கொண்டிருப்பார்கள்.

ஊருக்கேற்றபடி அடையாளங்களும் வேறுபட்டன. அமகுசாவிலுள்ள சகித்சு மீனவர் ஊர். அங்கே சிப்பியின் உட்புறம் மின்னும் கோடுகளில் தேவமாதாவின் சாயலைக் கண்டு அச்சிப்பியையே சுரூபமாக வைத்து வணங்கினார்கள். 1805-இல் அவ்வட்டாரத்தின் நான்கு ஊர்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மறைந்த கிறிஸ்தவர் என்று பிடிபட்டனர். அத்தனை பேரையும் கொன்றால் வரி கட்ட ஆளில்லை என்று எண்ணினார்களோ என்னவோ, ‘இவர்கள் அறியாமையால் வழிதவறியவர்கள்’ என்று எழுதி அதிகாரிகள் விட்டுவிட்டனர். ஹிராடோத் தீவின் கசுகாவில் உழவர்கள் படிக்கட்டு வயல்களுக்குப் பின்னாலுள்ள யசுமன் மலையைப் புனித இடமாகக் கொண்டனர். கடலில் அதற்கெதிரே நாகாயெனோஷிமா என்னும் சிறு பாறைத்தீவு. அங்கே கிறிஸ்தவர்கள் வெட்டப்பட்டனர். அந்தப் பாறையில் ஊறும் நீரை எடுத்துவந்து ஞானஸ்நானத்திற்குப் பயன்படுத்தினார்கள். இன்று மலையும் பாறையும் வயலும் சட்டத்தின் காவலில் உள்ளன. அங்கே பார்ப்பதற்குக் கட்டிடம் எதுவும் இல்லை. ஜப்பானில் இயற்கையைக் காப்பதும் நினைவைக் காப்பதும் எங்ஙனம் ஒன்றாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

1797-க்குப் பின்னர் சொதோமேயில் நெருக்கம் மிகுந்ததால் சுமார் மூவாயிரம் பேர் கோட்டோத் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் நாடியது நல்ல நிலத்தையன்று. பிறர் வேண்டாமென்று விட்ட நிலத்தை. கஷிரகஷிமா நோயாளிகளை ஒதுக்கி வைத்த தீவு. நோசாகி ஷிந்தோக் கோவிலுக்குரிய புனிதத் தீவு. குரோஷிமா மேய்ச்சல் நிலமாயிருந்து கைவிடப்பட்டது. யாரும் எட்டிப்பாராத இடமாயிருந்தால் செபம் சொல்லலாம் அல்லவா?

இனி 1865-ஆம் ஆண்டிற்கு வருவோம். வெளிநாட்டு வணிகருக்கென நாகசாகித் துறைமுகத்தருகே பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் ஓவுரா என்னுமிடத்தில் ஆலயம் ஒன்றைக் கட்டி, இருபத்தாறு வேதசாட்சிகளுக்கு அர்ப்பணித்தார்கள். மார்ச் 17, வெள்ளிக்கிழமை நண்பகல். ஏறத்தாழ பதினைந்து ஜப்பானியர் ஆலய வாயிலில் வந்து நின்றனர். பெத்திஜான் சுவாமியார் கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் சென்று முழந்தாளிட்டார். ஒரு பெண்மணி அருகில் வந்து, தங்கள் எல்லோருடைய உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லக் கூறி, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். சுவாமியார் காட்டினார். அவர்கள் உரகாமி ஊரினர். தாங்கள் அப்போது துக்க காலத்தை அனுசரிப்பதாகவும், சுவாமியாரும் அதை அனுசரிக்கிறாரா என்றும் அவர்கள் வினவினார்களாம். அது தவக்காலம். இருநூறு ஆண்டுகள் குருவில்லாதிருந்தும் அவர்களுடைய கணக்குப் பிசகவில்லை.

இதன் பின்னரும் துன்பம் ஓயவில்லை. உரகாமியில் வெளிப்படையாக விசுவாசத்தை அறிக்கையிட்ட சுமார் 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்கும் நாடுகடத்தப்பட்டனர். அறுநூறுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. ஹிசாகாத் தீவில் 1868-இல் இருபது சதுர மீட்டர் கொண்ட ஒரே அறைக்குள் இருநூறு பேரை எட்டு மாதம் அடைத்துவைத்தார்கள். உட்காரவும் இடமின்றி நின்றவாறே குழந்தைகளும் முதியவர்களும் நாற்பது பேருக்குமேல் இறந்தனர். மேலைநாடுகளின் கண்டனம் வலுத்தபின், 1873-இல்தான் தடைப் பலகைகள் இறக்கப்பட்டன.

தடை நீங்கியவுடன் அவ்வேழைகள் செய்த முதல் வேலை கோவில் கட்டியதுதான். சொதோமேயில் 1879 முதல் பணியாற்றிய தெ ரோ சுவாமியார் ஷித்சு ஊரில் 1882-இல் ஆலயம் எழுப்பினார். ஆதரவற்ற பெண்களுக்குத் தொழிற்கூடம் அமைத்து, நெசவும் சேமியாத் தயாரிப்பும் கற்பித்தார். ஓனோ ஊர்க் கோவிலுக்கு அவ்விடத்துக் கற்சில்லுகளைச் சுண்ணாம்பும் செம்மண்ணும் குழைத்துக் கட்டிய சுவர் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கோட்டோவில் கோவில் கட்டியவர் தெத்சுகவா யோசுகே என்னும் தச்சர். அவர் கடைசிவரை பௌத்தராகவே வாழ்ந்து 1976-இல் காலமானார். ஆனால் அவர் கைப்பட எழுந்த கத்தோலிக்க ஆலயங்கள் முப்பதுக்கு மேல். கஷிரகஷிமாவில் அத்தீவின் கல்லையே வெட்டி, பங்குமக்கள் சுமக்க, 1919-இல் கட்டி முடித்த கற்கோவில் அவருடையது. நாருத் தீவின் ஏகாமியில் 1918-இல் எழுந்த மரக்கோவிலும் அவருடையதே; அங்கே வண்ணக் கண்ணாடிக்குப் பணமில்லை, சாதாரணக் கண்ணாடியில் கையாலேயே செர்ரிப் பூக்களை வரைந்தார்கள். சகித்சுவில் 1934-இல் கட்டப்பெற்ற ஆலயத்தின் தரையில் ஜப்பானியப் பாய் விரித்திருக்கும். மக்களைத் திருவுருவத்தை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவன் வீடு இருந்த மனையில் அவ்வாலயம் நிற்கிறது.

ஜப்பான் அரசு முதலில், 2015-இல், இந்த அழகிய ஆலயங்களை முன்னிறுத்தியே யுனெஸ்கோவிற்கு விண்ணப்பம் அனுப்பிற்று. ஆராய்ந்த வல்லுநர் குழுவோ, உங்கள் கதையின் தனிச்சிறப்பு தடைக்காலத்தில்தான் இருக்கிறது, அதனை முன்வையுங்கள் என்று அறிவுரை கூறிற்று. 2016-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, அக்காலத்தோடு தொடர்பு குறைந்த ஓரிரு இடங்களை நீக்கி, மறுபடி எழுதி அனுப்பினார்கள். ஆலயங்களுக்காக அன்று, ஆலயமில்லாதிருந்த காலத்திற்காகவே இவ்வூர்கள் உலகச் செல்வமாயின. அவ்வல்லுநர்கள் சமய நோக்கோடு பேசியவர்கள் அல்லர். ஆயினும் ஒரு மறைவல்லுநர் சொல்லக்கூடியதையே சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இப்பட்டியலில் ஒரு குறையுமுண்டு. தடை நீங்கியபின் எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பிவிடவில்லை. முன்னோர் கற்பித்தபடியே இருப்போம் என்று தங்கள் பழைய வழக்கத்தையே தொடர்ந்தவர்களும் பலர். இகித்சுக்கித் தீவில் அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் இலத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்த ‘ஒராஷோ’ என்னும் செபங்களை மனப்பாடமாக ஓதும் மரபை நம் காலம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். பொருள் முழுதும் விளங்காத அச்சொற்களை ஒலி பிசகாமல் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அத்தீவு பன்னிரண்டில் ஒன்றாக இல்லை. அவர்கள் நம்மோடு வந்து சேராதது நமக்கு வருத்தமே. ஆனாலும் ஏட்டில் ஏறாத இம்மரபு, கற்பாரின்றி ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டிருப்பதும் வருந்தத்தக்கதே.

காவல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காக்கப்பட்ட ஆலயம் மறைமாவட்டத்தின் உடைமையாக இருக்கலாம். ஆனால் அனுமதியின்றி ஓர் ஓட்டையும் மாற்றலாகாது. பழுது பார்க்கும்போது செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. மரக்கோவில்களைக் கரையானும் புயற்காற்றும் விடுவதில்லை. ஆகவே செலவுக்கும் முடிவில்லை. தீவுக் கோவில்களைக் காணச் செல்வோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமென்றும், உள்ளே படம் பிடிக்கலாகாதென்றும் விதித்து, வாயிலில் காவலரை அமர்த்தியிருக்கிறார்கள். நம் திருத்தலங்களில் திருப்பலி நேரத்தில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்போர் இதனைக் கவனிப்பது நல்லது.

ஓவுரா ஆலயம் 1933-இலேயே நாட்டின் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அணுகுண்டால் சேதமுற்று, சீர்செய்யப்பட்டு, 1953-இல் மீண்டும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. பார்க்க வருவோர் கூட்டம் பெருகியதால் அப்பங்கு மக்கள் 1975-இல் அருகிலேயே வேறோர் ஆலயத்தைக் கட்டிக்கொண்டு, அன்றாடத் திருப்பலியை அங்கு நிறைவேற்றுகிறார்கள். பழைய ஆலயத்தில் கட்டணம் கொடுத்து நுழைவோர் தேவமாதாவின் அதே சுரூபத்தைக் காண்கிறார்கள்.

நோசாகித் தீவின் நிலை இன்னும் துயரமானது. அங்கே நோகுபி என்னும் ஊரில் பதினேழே குடும்பங்கள், வேளைக்கு வேளை வயிற்றைக் குறைத்துப் பணம் சேர்த்து, 1908-இல் செங்கல்லால் ஒரு கோவில் கட்டினார்கள். கட்டியவர் அதே தெத்சுகவா. குண்டு விழவில்லை, கொடுங்கோலன் வரவில்லை. பிழைப்புக்கு வழியில்லாமல் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெருநகரங்களுக்குச் சென்றார்கள். 1971-இல் கடைசிக் குடும்பங்களும் படகேறின. சிற்றூராட்சி அக்கோவிலைப் பழுது பார்த்து வைத்திருக்கிறது. செங்கல் உறுதியாக இருக்கிறது. சுற்றிலும் மான்கள் மேய்கின்றன. இருநூறு ஆண்டு அடக்குமுறையால் கலையாத ஒரு செபக்கூட்டத்தை அறுபது எழுபது ஆண்டுகளில் வேலைவாய்ப்பு கலைத்துவிட்டது. கட்டிடத்தைக் காக்கச் சட்டம் உண்டு. மக்களை ஊரில் இருத்தச் சட்டமில்லை. கோட்டோவின் மற்றத் தீவுகளும் இவ்வழியிலேயே முதுமையடைந்துகொண்டிருக்கின்றன.

பட்டியலில் சேராத இன்னோர் ஆலயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதனை முடிக்க இயலாது. ஓவுராவிற்கு 1865-இல் வந்து நின்றவர்களின் ஊராகிய உரகாமியில், நாடுகடத்தலிலிருந்து திரும்பியவர்கள், தங்கள் முன்னோரை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவனின் மனையையே வாங்கி, 1895-இல் தொடங்கி 1914-இல் ஒரு பேராலயத்தைக் கட்டி முடித்தார்கள். 1925-இல் இரட்டைக் கோபுரங்களும் நிறைவுற்றன. 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள், விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தபோது, ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. குருக்களும் வந்திருந்தோரும் அங்கேயே மடிந்தனர். உரகாமியின் பன்னீராயிரம் கத்தோலிக்கருள் சுமார் 8,500 பேர் மாண்டனர்.

இடிபாட்டினை அப்படியே நிறுத்திவைக்க வேண்டுமென்று நகரில் பலர் விரும்பினர். ஹிரோஷிமாவில் எலும்புக்கூடாய் நின்ற கட்டிடமொன்றை 1966-இல் நகர மன்றம் காப்பதெனத் தீர்மானித்தது. 1996-இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. நாகசாகியிலோ 1958-இல் சுவர்களை அகற்றி, மறு ஆண்டு அதே மனையில் புதிய பேராலயத்தை எழுப்பினார்கள். அந்த மனை முன்னோரின் கண்ணீர் விழுந்த இடம், வேறிடத்தில் கட்டுவதற்கில்லை என்றார் ஆயர். அது பொய்யன்று, ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட இடம் வேண்டிய மக்களுக்கு இடிந்த சுவர் போதாது. எனினும் ஒரு பகுதியேனும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம் என்ற ஏக்கம், படங்களில் அவ்விடிபாட்டைக் காணும்போதெல்லாம் எழவே செய்கிறது. ஒரு சுவர்த்துண்டை மட்டும் குண்டு வெடித்த இடத்திற்கு எடுத்துச் சென்று நிறுத்தினார்கள். கோபுரங்களின் இரு மணிகளுள் உடையாது தப்பிய ஒன்றை 1945-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பிற்கு முந்தின இரவே இடிபாட்டிலிருந்து மீட்டு ஒலித்திருந்தார்கள்; உடைந்ததற்கு மாற்றாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் திரட்டிய பணத்தால் வார்த்தளித்த புதிய மணி 2025 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அதனோடு சேர்ந்து ஒலித்தது.

வடக்குக் கோபுரத்தின் குவிமாடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குண்டின் அதிர்ச்சியில் பிய்ந்து சரிவில் உருண்டு, கீழேயிருந்த சிற்றோடையை அடைத்துக்கொண்டு கிடந்தது அது. சுமார் 50 டன் எடையுள்ள அதனை அகற்ற வழியறியாத மக்கள், அதனை விட்டுவிட்டு ஓடையின் போக்கைத் திருப்பிவிட்டார்கள். 2016-இல் அரசு அதனை நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. புதிய பேராலயத்தின் அடிவாரத்தில், புல்லும் பாசியும் படர, விழுந்தபடியே கிடக்கிறது.